வெட்டப்பட்ட ஏழு ‘ஒருவேளை’

இரணியல்,
திங்கள் காலை.

நம் சபை இதழின் ஆசிரியரும் என் பெரியப்பா மகனுமாகிய ரசலையன் அண்ணனுக்கு, ஜெயபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உங்கள் பிரஷரைப் பற்றி, இந்தக் கடிதத்தை நீங்கள் படித்து முடித்தபின் விசாரிக்கிறேன்.

நீங்கள் கேட்டதால்தான் கட்டுரை எழுதினேன். தொலைதூர அண்டங்களின் நடுவில் ராட்சதக் கருந்துளைகள் இருக்கின்றன, அவற்றில் விழப்போகும் வாயு சூடேறி வீசும் ஒளிதான் குவேசார், அந்த ஒளி பொதுவாக ஓர் ஒழுங்கில்லாமல் கூடிக் குறையும், என் தம்பி ஆன்ஸ்லினின் மகள் பெபிஷா பூனாவில் ஆராயும் குவேசார் மட்டும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரகாசமாவதுபோல் தெரிகிறது, ஒருவேளை அங்கே ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகள் இருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் போகலாம், ஏனென்றால் கையில் இருப்பது பதினைந்து வருடத்து அளவுகள், மூன்றே ஏற்றம். மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்கு மூன்று வருடம் சேர்ந்தாற்போல மழை பெய்தாலும் நாலாம் வருடத்துக்கு யாரும் எழுதித் தர முடியாது. இவ்வளவுதான். ‘மூன்று முறை போதாது’ என்று தலைப்பு வைத்தேன். நீங்கள் அதை ‘நம் சபை மகள் கண்ட இரட்டைக் கருந்துளை’ என்று மாற்றி, ஏழு ‘ஒருவேளை’களையும் வெட்டிவிட்டீர்கள். போனில் கேட்டால், “ஏட்டி ஜெயா, பேஜில எடம் இல்ல. அதும் வேத தியானத்துக்கு எதிர்ப்பக்கம் ஒருவேளை ஒருவேளைன்னு கெடந்தா சபை என்ன நெனைக்கும்?” என்கிறீர்கள்.

சபை என்ன நினைத்தது என்று நான் சொல்கிறேன். மஸ்கட்டில் இதழைப் போனில் படித்த ஆன்ஸ்லின் அன்றே ஸ்தோத்திரக் காணிக்கை அனுப்ப, நேற்று ஆராதனை முடிவில் நீங்களே அதை, ‘மகள் இரட்டைக் கருந்துளை கண்டதற்காக’ என்ற காரணத்தோடு மைக்கில் வாசித்தீர்கள். வாசலில் பெண்கள் ஐக்கியத்துப் பிரிஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சரே, அந்த ரெண்டு ஓட்டையும் நம்ம பக்கமா வருமா? இப்பதான் கோயிலுக்கு ஓடு மாத்தினோம்” என்றாள். வராது என்றேன். “ஒறப்பா?” என்றாள். இருபத்தைந்து வருடம் இயற்பியல் நடத்தியவள், ஓட்டுக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு வீடு வந்தேன்.

வந்தால் பெபிஷா போனில் அழுகிறாள். “மாமி, என் பேப்பரை ஜர்னல்ல இன்னும் ஏத்துக்கவேயில்ல. எங்க கைடு சாருக்கு மாமியார் வீடு நம்ம ஊருப்பக்கம் மார்த்தாண்டம். அவரு லீவுக்கு அங்கதான் இருக்காரு. இதப் பார்த்தா என் ஆராய்ச்சி அவ்வளவுதான்!” நாலு வருட உழைப்பு அண்ணா. உங்கள் கத்தரிக்கோலுக்கு நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆகவே அடுத்த ஞாயிறு அதே மைக்கில் மறுப்பு வாசிக்க வேண்டும். அடுத்த இதழில் ஏழு ‘ஒருவேளை’களும் தடித்த எழுத்தில் வர வேண்டும்.

உங்களுக்கும் அண்ணிக்கும் கர்த்தர் நீடித்த ஆயுசைத் தருவாராக. கத்தரிக்கோலுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கை ஜெயபாய்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பெபிஷா மறுபடி கூப்பிட்டாள். “மாமி, ஏறுது!” அவள் கணித்த அதே மாதத்தில் குவேசார் பிரகாசமாகத் தொடங்கியிருக்கிறது. நான்காவது முறை. அவளுடைய சார் நம் இதழைப் பார்த்துவிட்டார். மாமியார் வீட்டில் காட்ட நாலு பிரதி வேண்டுமாம். மறுப்பு வேண்டாம். இத்துடன் என்னுடைய ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் இருக்கிறது. காரணத்தை நானே எழுதியிருக்கிறேன். அதில் ‘ஒருவேளை’ ஒன்றே ஒன்றுதான். அதையாவது வெட்டாமல் வாசித்துவிடுங்கள்.