தலைகீழ்ப் பாகுபாட்டுக்காரர்

அநீதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஐம்பத்து நான்காவது வயதில்தான் கண்டுபிடிக்கிற ஓர் இனம் உண்டு, வாசகரே. தலைகீழ்ப் பாகுபாட்டுக்காரர் என்று பெயர். வரிசையில் நெடுங்காலம் முன்னால் நின்றவர். பின்னால் நிற்பவரை ஒருமுறை முன்னால் கூப்பிட்டதும், தன்னைத்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று புலம்புபவர். தலைகீழ்ப் பாகுபாடு என்ற சொல்லே பொய் என்று சொல்வதற்கில்லை. ஒருவரைத் தூக்கிவிடப்போய் இன்னொருவரின் காலை உண்மையிலேயே வாரிவிடுவதும் நடக்கும். நம்மவர் விஷயம் வேறு.

நம்மவர் ஓர் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். மேலாளர் பதவி காலியாகிறது. பத்தொன்பது வருடமாக அந்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், உள்ளே மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்றுகூட முடிவுசெய்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நிர்வாகம் சுற்றறிக்கை விடுகிறது: இதுவரை வந்த ஏழு மேலாளர்களும் ஆண்கள், ஆகவே இம்முறை தகுதி சமமானால் பெண்ணுக்கு முன்னுரிமை. போட்டியில் அவரோடு இருந்த ஒரே ஆள் ஒரு பெண், அவருடைய உதவியாளர்.

நம்மவருக்கு வயிறு எரிந்தது. தேநீர் வேளையில், படிக்கட்டில், மாப்பிள்ளையிடம் தொலைபேசியில், எங்கும் அதே பேச்சு: "இது தலைகீழ்ப் பாகுபாடு. ஆம்பளையாப் பொறந்தது என் குத்தமா?" அந்த ஏழு பேரும் ஆண்களாகப் பிறந்தது மட்டும் யாருடைய சாமர்த்தியம்? அதை அவர் கேட்டுக்கொண்டதில்லை.

ஆட்சேபக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இரண்டாவது வரி வரவில்லை. வழக்கம்போல் உதவியாளரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் நல்லா எழுதிக் குடு."

வாங்கிப் படித்தாள். "சார், இது என்னை எதிர்த்து."

"உன்மேல எனக்கென்னம்மா கோவம்? கொள்கைதான் முக்கியம். ஆணா பொண்ணான்னு பாக்காதீங்க, திறமையை மட்டும் பாருங்கன்னு அழுத்தி எழுது."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கடைசி வரி பிடித்திருந்தது. அழுத்தியே எழுதினாள்.

கடிதத்தைப் படித்து நிர்வாகம் மனம் மாறிவிட்டது. முன்னுரிமை ரத்து. பதிலுக்குத் திறமைத் தேர்வு: திங்கட்கிழமை காலை, இருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும்.

உத்தரவை நம்மவர் இரண்டு தடவை படித்தார்.

"தனித்தனி அறையாம்மா?"

"ஆமா சார்."

"அநியாயமா இருக்கே. இதுக்கும் ஒரு ஆட்சேபம் எழுதணும்மா. பேப்பர் எடு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நீங்கள் கடைசியாக அனுப்பிய கடிதத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே இருந்ததையெல்லாம் எழுதியது யார்?