பசை இறுகும்வரை ஒரு முன்னுரை

பொறியாளர்களில் முன்னுரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எதையும் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார். பேருந்து இருக்கை, தலைக்கவசம், உங்கள் மகனின் டென்னிஸ் மட்டை, பல் மருத்துவர் அடைத்துவிட்ட உங்கள் கடைவாய்ப்பல் (இதற்கு மட்டும் அனுமதி கேட்பார்) என்று தட்டித் தட்டி, "இதை வெறும் பிளாஸ்டிக்னு நினைச்சீங்களா?" என்பார். நீங்கள் ஒன்றுமே நினைக்கவில்லை என்று சொல்வதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கூட்டுப்பொருள்! தனியாக நின்றால் துவண்டுபோகும் இழை. தனியாக நின்றால் விரிசல்விடும் பசை. இரண்டும் சேர்ந்தால் விமானமே பறக்கும். உண்மைதான். யார் இல்லை என்றார்கள்?

எங்கள் மாடி வீட்டுக்காரர் இந்த இனத்தின் தலைமகன். போன வாரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல்விட்டது. கண்ணாடியிழைத் தொட்டி. மாலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். அதை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான். என் வீட்டிலோ பிறந்து பத்தே நாளான பேத்தி, வாளி வாளியாகத் துணி. காலையிலேயே ஒட்டினால்தான் தண்ணீர் வருவதற்குள் காய்ந்து இறுகும்.

"ஆளெல்லாம் கூப்பிடாதீங்க. இது என் சப்ஜெக்ட்," என்றார்.

பத்து மணிக்குப் பசையை மக்கில் ஊற்றி, அதை இறுகவைக்கும் திரவத்தைச் சேர்த்துக் கலக்கினார். கலந்தபின் கால் மணி நேரம்தான் கெடு என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. பிரஷ்ஷைத் தூக்கினார். தூக்கி, என்னைப் பார்த்தார்.

"ஒட்டுறதுக்கு முன்னாடி அடிப்படை புரியணும். ஒரு குடும்பம்னு வச்சுக்குங்க. பாரத்தைத் தாங்குற இழை நான். சும்மா சேர்த்துப் பிடிச்சுக்கிற பசை என் வீட்டுக்காரி."

"சார், பசை..."

"கேள்வியெல்லாம் கடைசியில."

இழை எந்தத் திசையில் ஓடினால் எவ்வளவு பலம் என்று பிரஷ்ஷால் காற்றில் வரைந்துகொண்டே போனார். மக்கிலிருந்து புகை வந்தது. அவசரமாகப் பிரஷ்ஷை உள்ளே விட்டார். டக்கென்று சத்தம். மக்கும் பசையும் ஒரே கல்.

"சீக்கிரம் இறுகிடுச்சு பாருங்க. தரமான பசை," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அவர் மனைவி ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் பாதி டப்பாப் பசையுமாகப் படியேறி வந்தார். "இவர் பேசுவார்னு தெரியும். பாதியை ஒளிச்சு வச்சிருந்தேன்." அவ்வளவுதான் பேச்சு. கண்ணாடியிழைத் துணியை வெட்டினார், கலக்கினார், ஒட்டினார். பத்து நிமிடம். நாலு மணிக்குத் தொட்டி நிறைந்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை. பேத்தியின் துணிகள் கொடியில் ஆடியபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒட்டுப்போட்ட இடத்தை முன்னுரைக்காரர் விரலால் தட்டினார். "நான் சொன்ன தத்துவம்தான் இது!"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போதே, 'கான்கிரீட்டும் ஒரு கூட்டுப்பொருள்தானே, அதை விட்டுவிட்டாரே' என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? அப்படியானால் வீட்டில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். யாரோ உங்களுக்குத் தெரியாமல் பாதிப் பசையை ஒளித்து வைத்திருப்பார்கள்.