கிளை விட்ட பவளம்

இருக்கிற ஒன்றை இரண்டாகப் பார்க்கும் ரக மனிதர்களை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. நான் பார்த்தவர் அதில் முதல் தரம்: பாறை கட்டும் பவளங்களை இனம் பிரித்து, எது எங்கே வளர்கிறது என்று கடல் வரைபடத்தில் குறிக்கும் ஆராய்ச்சியாளர். ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் 'புதுசு சார்'.

கடலிலிருந்து தலை தூக்கியதும், படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்க, வாயில் போன உப்புத் தண்ணீரைத் துப்புவதற்கும் முன்னால், "புதுசு!" என்பார். பவளம் தடித்திருந்தால் புதுசு, அதாவது புது இனம். மெலிந்திருந்தால் புதுசு. வெயில் மறைந்த நேரத்தில் பார்த்ததும் புதுசு. அவர் முக்குளித்த இடமெல்லாம் வரைபடத்தில் புள்ளிகள் மொய்க்கும். தூரத்துத் திட்டுகள் வெறிச்சென்று கிடக்கும். அங்கே பவளமே இல்லையா? படகில் அவ்வளவு தூரம் போனால் சாருக்குக் குமட்டும், அவ்வளவுதான்.

சென்ற வருஷம் அலை மோதும் பக்கத்தில் குட்டையாக ஒரு பவளத்தைக் கண்டார். அதற்கு மனைவியின் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாளும் அக்கா, தங்கை, நாத்தனார் என்று ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. பாவம், கல்யாணமானதிலிருந்து கடல் அவருக்குக் கொடுத்தது துவைக்க வேண்டிய ஈரத் துணிகள்தானே?

சாருடன் முக்குளிக்கும் பெண்ணுக்குச் சந்தேகம். அந்தக் குட்டைப் பவளத்தில் ஒரு துண்டை எடுத்து, அலையில்லாத உட்பக்கத்தில் நட்டு வைத்தாள். இந்த வருஷம் போய்ப் பார்த்தால், அங்கே வழக்கமாக வளரும் பவளத்தைப் போலவே அதுவும் மெல்லிய கிளைகள் விட்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். அலை அடிச்சா குட்டையாயிடுது, அடிக்கலேன்னா கிளை விடுது."

சாரின் முகம் வாடியது. குனிந்து உற்றுப் பார்த்தார். மலர்ந்துவிட்டது.

"இது மூணாவது இனம்மா! ரெண்டுக்கும் நடுவுல!"

வீட்டில் இதைக் கேட்ட மனைவி சிரிக்கவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆய்வுக்கூட டைரக்டர் எதிர்ல வாயே திறக்க மாட்டீங்க. வீட்டுக்கு வந்தா அந்தக் கத்து கத்தறீங்க. அதுக்காக உங்களை ரெண்டு இனம்னு எழுதிடலாமா? என் பேரை எடுத்துடுங்க. நாத்தனார்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

மறுநாளே சார் பெயரை எடுத்துவிட்டார். பவளத்தை விடுவாரா? அதற்கு மாமியார் பெயரை வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் பிள்ளை அடம்பிடித்தால் வைராக்கியம், பக்கத்து வீட்டுப் பிள்ளை அடம்பிடித்தால் திமிர் என்று நேற்றுகூட யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒருமுறை இடம் மாற்றி நட்டுப் பாருங்கள்.