லூப் பெடல் தேர்வுக் குழு

கென்யாவின் காகமேகா ஊர் வரலாற்றை நாளை யாராவது எழுதினால் மழைக்கு ஒரு அத்தியாயம், கரும்புக்கு ஒரு அத்தியாயம், முலேமிக்கு லூப் பெடல் தேர்ந்தெடுத்துக் கொடுத்த குழுவுக்கு மூன்று அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். குறைத்தால் குழு ஆட்சேபிக்கும்.

முலேமி நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். மாலையில் கீபோர்டு வாசிப்பான். மனைவி முஹோஞ்சாவுக்காக ரகசியமாக ஒரு பாட்டு கட்டியிருந்தான். பத்தாவது கல்யாண நாளன்று வாசித்துக் காட்ட வேண்டும். அடித்தாளத்துக்கு ஒரு கை, இடையில் நிரப்ப ஒரு கை, மெட்டுக்கு ஒரு கை. கடவுள் ஒரு கை குறைத்து வைத்துவிட்டார். அந்தக் குறையைத்தான் லூப் பெடல் தீர்க்கும். காலால் ஒருமுறை அழுத்தினால் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும். மறுமுறை அழுத்தினால் அதையே விடாமல் திருப்பி வாசிக்கும்.

"மலிவா எதை வாங்கலாம்?" என்று பக்கத்து வீட்டு அகாலாவிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டான். கல்யாணத்துக்கும் குழு, சாவுக்கும் குழு, தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் குழு அமைக்கும் ஊர் இது. மறுநாளே குழு பிறந்தது. அகாலா செயலாளர். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஷிடாண்டா தலைவர். இசையில் அவருடைய தகுதி: ஒரு பாண்டு வாத்தியத் தலைவரோடு கைகுலுக்கியிருக்கிறார்.

வெள்ளிதோறும் முலேமி வீட்டில் கூட்டம். குழு வந்தால் கோழி அடிக்க வேண்டும். ஊர் மரியாதைப்படி கோழியின் இரைப்பை தலைவர் தட்டுக்குப் போகவேண்டும். கோழிகள் முஹோஞ்சாவுடையவை. முதல் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது. சென்ற கூட்டமே நடக்காததால் குறிப்பு திருத்தமின்றி ஏற்கப்பட்டது.

இரண்டாம் கூட்டத்தில் கால் பிரச்சினை.

"வலது கால் எங்க இருக்கும் தம்பி?" என்று கேட்டார் தலைவர்.

"சுரத்தை நீட்டுற பெடல்ல ஐயா. இடது காலால இதை அழுத்துவேன்."

"அப்போ தாளம் எந்தக் கால்ல போடுவே?"

"மனசுல போட்டுக்குறேன்."

"மனசுக்கு எத்தனை காலுன்னு குறிச்சுக்கோ அகாலா!"

மூன்றாம் கூட்டம் இதற்கென்றே உபகுழு அமைத்தது. உபகுழுவிலும் ஷிடாண்டா, அகாலா இருவரே. ஆனால் தனிக் கோழி.

நான்காம் கூட்டத்துக்கு முன்பே முலேமி கிசுமு நகரத்துக் கடையில் விசாரித்துவிட்டான். ஒரே பொத்தான் வைத்த சின்னப் பெடல். இருப்பதிலேயே மலிவு. அவன் பாட்டுக்கு அதுவே போதும். விளம்பரத் தாளை மேஜையில் வைத்தான்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். "இதுல 'கிட்டாருக்கானது'ன்னு போட்டிருக்கே?"

"கீபோர்டும் செருகலாம் ஐயா. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா போதும்."

"நீ செருகலாம் தம்பி. குலம் ஒத்துக்குமா? நம்ம வீட்டுப் பொண்ணு கீபோர்டு. கிட்டார் வீட்டுக்குச் சொல்லாமக் கொள்ளாம அனுப்பிடலாமா?"

"அவங்க பக்கத்துப் பெரியவங்களைக் கண்டு பேசணும்," என்றார் அகாலா.

"இன்னொன்னு," என்றார் தலைவர். "ரெண்டு பெரிய மனுஷங்க வாரக்கணக்கா ஆராய்ஞ்சு கடைசியில ஒத்தப் பொத்தானா? ஊர் சிரிக்காதா?"

ஐந்தாம் கூட்டம் பொத்தான்களின் கௌரவம் பற்றியது. கோழி குறையக் குறையக் குழு கொழுத்தது. முஹோஞ்சா கூண்டைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளை பெயர் சொல்லிக் கணவனைக் கூப்பிட்டாள்.

"இமாளி அப்பா, அந்தப் பெட்டியில என்னதான் இருக்கு? எதுக்கு இத்தனை அவசரம்?"

"சனிக்கிழமைக்குள்ள வேணும்."

"சனிக்கிழமை என்ன?"

முலேமி கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினான். சனிக்கிழமை என்னவென்று அவளுக்குத் தெரியாதா என்ன? சிரிப்பை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாண நாளுக்கு முந்தைய வெள்ளி. ஆறாம் கூட்டம்.

"ஐயா, இன்னைக்கு முடிவு பண்ணியே ஆகணும்," என்றான் முலேமி.

"அவசரம் இசைக்கு எதிரி தம்பி. மேலும் ஆறு வாரம் அவகாசம் கேட்டுத் தீர்மானம் போடுவோம். முதல்ல சாப்பாடு."

முஹோஞ்சா களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். தலைவர் கீரையைக் கிளறினார். அடியிலும் கீரையே இருந்தது.

"கோழி எங்கம்மா?"

"வித்துட்டேன் ஐயா. மிச்சமிருந்த எல்லாத்தையும்." கீரைச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். ஒரே பொத்தான். "கடைக்காரர் காட்டினதுலயே இதுதான் மலிவு."

தலைவர் பெட்டியைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். எழுந்தார்.

"ஒத்தப் பொத்தானே உத்தமம். குலமெல்லாம் இந்தக் காலத்துல யாரு பாக்குறா?"

முடிவு ஜெபம்கூட இல்லாமல் கூட்டம் கலைந்தது. முலேமி ஒருநாள் முன்னதாகவே பாட்டை வாசித்தான். காலடியில் அடித்தாளம் தானாகச் சுழன்றது. அவனுக்கு மூன்றாவது கை முளைத்திருந்தது. முஹோஞ்சா தட்டுகளை எடுக்க மறந்து நின்றாள்.

அகாலா நேர்மையானவர். அன்றைய குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதினார்: "கோழி இல்லாத காரணத்தால் குழு நான்கு நிமிடத்தில் ஒருமனதாக முடிவெடுத்தது."