விமானத்து அலுமினியம்

மனைவி காளீஸ்வரியின் கையில் ஒரு நல்ல டார்ச்சைக் கொடுத்தே தீருவது என்று போன மாதம் முடிவெடுத்தேன். கல்யாணமான பிறகு நானாக எடுத்த இரண்டாவது முடிவு அது. முதல் முடிவு மீசையை எடுப்பது. மீசை மறுபடி வளர்ந்துவிட்டது.

முடிவுக்குக் காரணம் ஒரு காட்டுப்பன்றி.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. நடக்கிற தூரத்தில் தோப்பு. போன பொங்கல் கழிந்து வைத்த தென்னங்கன்றுகள் அதில் நிற்கின்றன. மோட்டார் ஓட மூணு பேஸ் கரண்ட் வேண்டும். அது முறை வைத்து வரும். இப்போது எங்கள் முறை, பொழுது அடைகிற நேரம். யாராவது போய் மோட்டாரைப் போட்டு, தண்ணீரைத் திருப்பிவிட்டு வர வேண்டும்.

அந்த யாராவது காளீஸ்வரிதான். எனக்கு மாலைக்கண். எந்த டாக்டரும் சொன்னதில்லை. நானே கண்டுபிடித்து வைத்திருப்பது. "மங்கல் வெளிச்சத்துல எனக்குக் கண்ணு தெரியாது காளி. நல்ல டார்ச் இருந்தா நான் போகமாட்டேனா?" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன்.

சம்பவத்தன்று தோப்புக்குள் அவள் டார்ச் அணைந்துவிட்டது. தட்டினாள். எரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஏதோ மூச்சுவிட்டது. அது மூச்சுவிட்டு முடித்துப் போகும்வரை இவள் மூச்சுவிடாமல் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

"நாளைக்கு சாகுல் ஹமீது பாய் கடைக்குப் போங்க. தோப்புக்காரவுக வாங்குற டார்ச் வச்சிருக்காவ. அதுல ஒண்ணு வேணும்."

"எம்புட்டு இருக்கும்?"

"என் உசுரு எம்புட்டோ அம்புட்டு."

இதற்கு மேல் விலை கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் செல்போன் இருந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த விளம்பரம் வந்தது. விமானம் செய்கிற அலுமினியம். இரண்டு கிலோமீட்டர் வெளிச்சம். யானை மிதித்தாலும் உடையாது. இன்றைக்கு மட்டும் பாதி விலை.

பார்சல் வந்தது. காளீஸ்வரி முன்னால் வைத்துப் பிரித்தேன்.

"இது என்னது?"

"விமானத்து அலுமினியம்."

"பிளேன்ல டார்ச் அடிச்சிக்கிட்டா போறாவ?"

"உடம்பு அந்த உலோகம்டி. கையில வாங்கிப் பாரு, கனத்த!"

அவள் வாங்கி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். டொக் என்றது.

"என் பவுடர் டப்பாகூட இதவிட நல்லாச் சத்தம் போடும்."

"உனக்கு உலோகத்தப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஒரு வாரம் பாப்போம். இது ஒழுங்கா எரியலேன்னா பாய் கடை. அதுவரைக்கும் பகல்ல நான் கொடத்துல தூக்கி ஊத்திக்கிடுதேன். கன்னு கருகுனா மட்டும் வீட்டுக்குள்ள சமாதானம் இருக்காது, சொல்லிட்டேன்."

மறுநாளிலிருந்து கிணற்றில் இறைத்து, குடம் குடமாகச் சுமந்தாள். என்னைத் தாண்டும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி டார்ச்சின் அடிப்பக்கம் வைத்தேன். சடக்கென்று ஒட்டியது.

"காளி! ஒட்டுது! உலோகம்தான்!"

"அப்படியா. நல்லது," என்றாள் அடுப்படியிலிருந்து.

டார்ச்சைக் கொண்டுபோய்க் காட்டி, இந்த வெற்றியைக் கம்பெனியில் எலக்ட்ரீசியன் கௌதம்ராஜிடம் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி, அலுமினியத்துல காந்தம் ஒட்டுமா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் டார்ச்சைப் பார்த்தான். கழற்றினோம். அடியில் ஓர் இரும்பு வளையம் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்குக் கனம் காட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கத்தியால் உடம்பைச் சுரண்டினான். வெள்ளி நிறம் உரிந்து கறுப்பு பிளாஸ்டிக் வந்தது. எரியவிட்டோம். டீ ஆறுவதற்குள் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, கடைசியில் ஊதுபத்தி முனை போல ஆகிவிட்டது.

"பல்பு சூடு போறதுக்கு வழியில்ல அண்ணாச்சி. நெச அலுமினியம்னா சூட்ட வாங்கி வெளிய தள்ளிரும். பிளாஸ்டிக் என்ன செய்யும்? பேட்டரியும் பேருக்குத்தான் இருக்கு. திருப்பி அனுப்பிருங்க."

திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் பாய் கடைக்குப் போக வேண்டும். போனால் அவள் சுண்டிய சுண்டு சரி என்று ஆகிவிடும். அந்த டொக் சத்தத்தை ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

"அலுமினியத்த நாமளே போட்டா?" என்றேன்.

கௌதம்ராஜ் நல்ல பையன். டிரில்லிங் மெஷினிலிருந்து எடுத்த பேட்டரி ஒன்றும், கம்ப்யூட்டருக்குள் சூடு இறங்கத் தடவுகிற பசையில் கொஞ்சமும் கொடுத்தான். அலுமினியம்தான் கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடினேன்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது காளீஸ்வரி, "கான்சாபுரத்துல அக்காளப் பாத்துட்டு சாயந்தரம் வாரேன்," என்று பஸ் ஏறினாள். வீட்டைச் சுற்றி வந்தேன். பின்வாசலில், கண்ணுக்கு நேராக, தண்ணீர் மொள்ளுகிற ஓர் அலுமினியப் போணி. அடி கொஞ்சம் நசுங்கியது. ஆனால் நெச அலுமினியம். காந்தத்தை வைத்தேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

அறுத்தேன். அடித்தகட்டை வட்டமாக வெட்டி, பசை தடவி, பல்புக்குக் கீழே முடுக்கினேன். பக்கத்தகட்டைச் சுருட்டி, பிளாஸ்டிக்கைத் தூரப்போட்டுவிட்டு, அதையே உடம்பாக்கினேன். விரலில் இரண்டு இடத்தில் ரத்தம். பொழுது சாயும் நேரம் பொத்தானை அமுக்கினேன்.

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் தெரிந்தது. எதிர்வீட்டுச் செல்வலட்சுமி கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏண்ணே, கலெக்டரு யாரும் வாராவளா?"

"டார்ச்தாம்மா. நானே செஞ்சது."

"ஆத்தாடி!"

காளீஸ்வரி பஸ் இறங்கி வந்தாள். அறுபட்ட போணியைப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டால் பயமில்லை. போடாவிட்டால்தான் பயம். அவள் சத்தம் போடவில்லை.

"போணி கெடக்கட்டும். டார்ச்சக் குடுங்க." வாங்கிச் சுண்டினாள். கணீரென்றது. "எம்புட்டு நேரம் எரியும்?"

"நீ தோப்புக்குப் போயிட்டு வந்து, இன்னொருக்க போயிட்டு வரலாம்."

"மங்காதே?"

"சத்தியமா மங்காது."

"கண்ணு கூசுது."

"கூசும்ல! எனக்கே கூசுது!"

"கூசுதா?"

"கூசாம?"

"அப்ப உங்களுக்கு நல்லாக் கண்ணு தெரியுதே," என்றாள். "கெளம்புங்க. மூணு பேஸ் வந்துட்டு."

நான் கிளம்பினேன். வேறு என்ன செய்வது? டார்ச் மங்கும் என்றால் நான் பொய்யன். மங்காது என்றால் மோட்டார்காரன்.

மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் வந்தது. மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தேன். கன்றுகளுக்கு நடுவே பன்றி நின்றது.

விளம்பரத்தில் சொன்ன யானையைவிடக் கொஞ்சம்தான் சிறிது. வெளிச்சத்தை அதன் கண்ணில் அடித்தேன். அது அசையவில்லை. நானும் அசையவில்லை. அப்போதுதான் கௌதம்ராஜ் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. நெச அலுமினியம் சூட்டை வாங்கி வெளியே தள்ளும். வெளியே இருந்தது என் கை.

முதலில் இளஞ்சூடு. பிறகு டீ கிளாஸ். பிறகு தோசைக்கல். விட்டால் இருட்டு, இருட்டில் பன்றி. பிடித்தால் உள்ளங்கை போய்விடும். கை மாற்றலாம் என்றால் வெளிச்சம் ஆடும். வெளிச்சம் ஆடினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. பல்லைக் கடித்தேன். இடது கையால் தோள்துண்டை அங்குலம் அங்குலமாக இழுத்து, டார்ச்சைச் சுற்றினேன். சுற்றி முடித்தபோது பன்றி ஒருமுறை உறுமியது. என்னை மேலும் கீழும் பார்த்தது. என்னிடம் ஒன்றும் தேறாது என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பி மலைப்பக்கம் போனது.

வீட்டுக்கு வந்து உள்ளங்கையை நீட்டினேன். மனசுக்குள் சந்தோஷம். இந்தக் கையோடு நாளைக்கு யாரும் என்னை அனுப்ப முடியாது. காளீஸ்வரி மருந்து தடவினாள். எங்கள் கம்பெனி பேண்டேஜையே எடுத்துச் சுற்றினாள்.

"கன்னுக்கெல்லாம் தண்ணி பாஞ்சிட்டா?"

"பாஞ்சிட்டு. கையப் பாரு காளி. நாளைக்கு எப்படிப் பிடிக்க?"

"அதான பாத்தேன்," என்றாள். மிச்சமிருந்த பேண்டேஜ் துணியை நாலாக மடித்து, தையல் மெஷினில் உட்கார்ந்து, டார்ச்சுக்கு ஓர் உறை தைத்துவிட்டாள். அளவு கச்சிதம். "இனிமே சுடாது."

"டூப்ளிகேட்டுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"சுண்டும்போதே தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா பாய் கடையில வாங்கி என் கையில குடுத்துருப்பீய. நான்தான் போயிருக்கணும். நீங்களே செஞ்ச சாமான்னா நீங்களே தூக்கிட்டுப் போவிய. ரெண்டு நாளா தூக்கத்துல அலுமினியம் அலுமினியம்னு பொலம்புனா, பாவம், போணிய எடுத்துப் பின்வாசல்ல வச்சிட்டு ஊருக்குப் போனேன்."

நூல் முனையைப் பல்லால் கடித்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். செல்வலட்சுமி.

"மதினி, அண்ணன் நாளைக்கும் தோப்புக்குப் போறாவளா?"

"தெனமும் போவாவ. ஏன்?"

"எங்க மோட்டாரும் போற வழியிலதான இருக்கு."

"ஒரு எட்டுதான. போட்டுட்டு வந்துருவாவ."

இப்போது என் பொறுப்பில் ஐந்து மோட்டார்கள். சாயங்காலமானால் வாசலில் சாவிகள் வந்து சேர்ந்துவிடும். எங்கள் தெருவில் யாரும் டார்ச் வாங்குவதில்லை.