றெஜினா வீட்டுக்கு லொறியில் போன கதை

காதலில் விழுந்தவன் கையில் கத்தியைக்கூடக் கொடுக்கலாம், ஸ்பனரைக் கொடுக்கக்கூடாது. கத்தியென்றால் தன் விரலை மட்டும்தான் வெட்டிக்கொள்வான்.

போர்க்காலத் தடையால் டீசல் மருந்துக்கும் கிடைக்காத தொண்ணூறுகளின் வன்னி. புதுக்குடியிருப்பில் என் மாமாவின் பழைய லொறி மண்ணெண்ணெயில் ஓடியது. வெறும் மண்ணெண்ணெய் பம்பைத் தின்றுவிடும் என்பதால் கொஞ்சம் எஞ்சின் ஒயில் சேர்ப்போம். அதுவும் கிடைக்காவிட்டால் தேங்காயெண்ணெய், அளவாக, நன்றாக அடித்துக் கலக்கி. கலக்குகிற வேலை என்னுடையது. (இந்தத் தகுதியை வைத்துத்தான் நான் என்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

றெஜினா என்னோடு ரியூஷனில் படித்தவள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். பிறகு துணுக்காய்க்குப் போய்விட்டார்கள். அவளைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது என்று அம்மா இன்றும் சாதிக்கிறாள்.) அந்தத் தை மாதம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி செய்தி கொண்டுவந்தாள். வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் கிடைத்துவிட்டதாம், சனிக்கிழமை காலை வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து அண்ணனிடம் வெளிநாட்டுக்குப் போகிறார்களாம். றெஜினா சொல்லிவிட்டது இவ்வளவுதான்: "அதுக்கு முதல் பெரியாக்கள் ஆரையும் கூட்டிக்கொண்டு வந்து அப்பாவோட கதைக்கச் சொல்லு. கதைச்சா நான் நிப்பன்."

நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர். அம்மா ஒரு பாட்டம் அழுதுவிட்டுச் சம்மதித்தாள். பெண் கேட்க மாமா லொறியோடு வர ஒப்புக்கொண்டார். வெள்ளி பின்னேரம் லொறியைத் தயார்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வழியில் பம்பு மக்கர் பண்ணக்கூடாதே என்ற பாசத்தில், அம்மாவின் குசினியிலிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து அப்படியே எண்ணெய்த் தாங்கிக்குள் கவிழ்த்தேன். கலக்கவில்லை. றெஜினாவின் அப்பாவுக்கு என்ன சொல்வது என்று அப்போது மனதுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். என் லொறியையும் துளைத்துவிட்டது. விடியப்புறம் சாவியைத் திருப்பினால் எஞ்சின் இருமியதே தவிர எழும்பவில்லை. அயலட்டைச் சனமெல்லாம் கூடித் தள்ளியதில் ஒருவழியாக உறுமியது. ஆனால் மெயின் ரோட்டில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கொஞ்சத் தூரம் போய் லொறி முற்றாக நின்றுவிட்டது.

காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினோம். பம்பின் ஆணியைத் தளர்த்திக் காற்று எடுத்தோம். தாங்கியிலிருந்து வரும் குழாயை வாயால் ஊதச் சொன்னார் மாமா. ஊதினேன், கன்னம் வலித்ததுதான் மிச்சம். வெள்ளைச் சட்டை கறுப்பாகிவிட்டது. நடந்தாவது போகிறேன் என்று புறப்பட்டவனை மாமா பிடித்து நிறுத்தினார், துணுக்காய் என்ன பக்கத்து வளவா என்று கேட்டார்.

வெயில் நன்றாக ஏறியது. மாமா சலிப்போடு கடைசியாக ஒருதரம் சாவியைத் திருப்பினார். லொறி ஒன்றுமே நடக்காதது போல எழும்பியது. அவர் இறங்கி, குழாய் மூட்டில் கசிந்ததை விரலில் தொட்டு மணந்து பார்த்தார்.

"தாங்கிக்குள்ள என்ன விட்டனீ?"

"தேங்காயெண்ணெய், மாமா."

"எவ்வளவு?"

"போத்தலோட."

தைப்பனியில் தேங்காயெண்ணெய் உறையும் என்பது தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். அடியில் தங்கி உறைந்து குழாயை அடைத்தது வெயிலில் உருகியிருக்கிறது. மாமா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துணுக்காயில் றெஜினா வீட்டு வாசல் படலை கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் என் சட்டையைப் பார்த்தார்.

"இப்பதான் தம்பி போனவை. பிள்ளை வெளிக்கிட மாட்டன் எண்டு ரோட்டைப் பாத்துக்கொண்டே நிண்டது. தேப்பன் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவர்."

வவுனியாப் பக்க ரோட்டில் லொறியை விட்டுப் பார்த்தோம். புழுதி மட்டும்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து எனக்கும் கலியாணம் நடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டாள். மாமா விரலை மணந்து பார்த்ததை நடித்தும் காட்டுவாள். கடைசியில், "அண்டைக்கு அந்த லொறி நேரத்துக்கு வெளிக்கிட்டிருந்தா நான் தப்பியிருப்பன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருமுறை வந்தவர்கள் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "இப்பவும் நினைப்பு வாறதோ?"

"ஓம்" என்றேன்.

அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினாள். பிறகு, "அதுதானே பாத்தன். எல்லாருக்கும் பிறகுதான் நீங்கள் சிரிக்கிறனீங்கள்" என்றாள்.