முதல் தரச் சான்றும் மூன்று டிபன் பாக்ஸும்

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சமையலைக் கண்டுபிடித்தான். கடைசியில், களைத்துப்போய், எங்கள் அலுவலகத்தைக் கண்டுபிடித்தான். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் எழுத்தராகத் தேய்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

எங்கள் ஆய்வாளருக்கு 'மூக்கர்' என்று பெயர். வாசனையிலேயே குற்றத்தைப் பிடித்துவிடுவாராம். வருஷம் பூராவும் ஜலதோஷம் என்பதால் இதுவரை எதையும் பிடித்ததில்லை. ஊர் அவ்வளவு சுத்தம்.

ஒரு திங்கட்கிழமை தையல்காரம்மா ஒருத்தி எவர்சில்வர் தூக்கோடு வந்து நின்றாள்.

"என் பொண்ணு அட்டைப்பெட்டி கம்பெனில வேலை பாக்கறா மேடம். சனிக்கிழமை கேன்டீன்ல சாப்பிட்டு பதினோரு பொண்ணுங்களுக்கு வாந்தி பேதி. இவளுக்கு இன்னும் டிரிப்ஸ் ஏறுது. அந்தச் சாப்பாடு கொஞ்சம் இதுல இருக்கு. கூட வேலை பாக்கறவ ஒளிச்சு எடுத்தாந்தா."

"மூணு பிரதி வேணும்மா."

"சாப்பாடா?"

"மனு."

மூக்கர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "வீட்லேர்ந்து கட்டிக் குடுத்தா என்ன?"

"கேட்லயே பிடுங்கி வச்சிக்கறாங்க சார். வெளிச் சாப்பாடு கூடாதாம். உங்க ஆபீஸ் உத்தரவாம்."

"ஆமா. சுகாதாரக் காரணம். வெளிச் சாப்பாட்ட எப்படிம்மா நம்பறது?"

அந்த உத்தரவை டைப் அடித்தவள் நான்தான். ஒரு பிழை கிடையாது.

"ஒண்ணாம் தேதி அவ வேலைக்குத் திரும்பியாகணும் மேடம். அதுக்குள்ள அந்த அடுப்ப நிறுத்திடுவீங்களா?"

"நடவடிக்கை எடுக்கப்படும்," என்றேன். எனக்குச் சம்பளமே இந்த இரண்டு வார்த்தைக்குத்தான்.

எடுக்கவும் பட்டது. குளிர்பெட்டியில் மூக்கரின் தயிரும் மருந்துகளும் இருந்ததால், தூக்கு ஒன்பது நாள் பீரோ மேல் காத்திருந்தது. பிறகு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பதில் வந்தது: 'அனுப்பப்பட்ட உணவு கெட்டுப்போயிருந்தபடியால், அது கெட்டுப்போனதா என்று சோதிக்க இயலவில்லை.' அறிவியல் என்றால் இதுதான். அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தேன்.

அடுத்தது திடீர்ச் சோதனை. கேன்டீன் கான்ட்ராக்டருக்கு மூக்கரே போன் போட்டார்.

"வர்ற ஒண்ணாம் தேதி, பன்னெண்டு மணிக்கு, திடீர்னு வருவோம்."

எதிர்ப்பக்கம் பணிவாகக் கேட்டது. "சரிங்க சார். திடீர்னு எத்தன பேரு?"

"மூணு."

ஒண்ணாம் தேதி மூக்கரும் நானும் டிரைவரும் போனோம். கேட்டில் தையல்காரம்மாவின் மகளுடைய டிபன் பாக்ஸை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார் காவலாளி. அவளுக்கு இருபது வயசு இருக்கும். கையில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. ஜீப்பின் பின்சீட்டில் எங்கள் மூன்று டிபன் பாக்ஸும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குக் காவலாளி சல்யூட் வைத்து வழி விட்டார்.

உள்ளே ஃபினாயில் கமகமத்தது. சமையல்காரர்கள் தலையில் புதுத் தொப்பி; விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. அண்டாவைத் திறக்க அவசியம் வரவில்லை, மூடியே அவ்வளவு பளபளப்பு. அந்த மூடி மேலேயே தாளை வைத்து 'முதல் தரம்' என்று மூக்கர் கையெழுத்திட்டார். நான் முத்திரை குத்தினேன்.

"சாப்டுட்டுத்தான் போகணும்," என்றார் கான்ட்ராக்டர்.

"டாக்டர் வேணாம்னுட்டார்," என்றார் மூக்கர்.

"எனக்குப் பல்லு ஆடுது," என்றார் டிரைவர்.

"எனக்கு எப்பவும் வீட்டுச் சாப்பாடுதான்," என்றேன். எங்கள் மூவரில் உண்மை பேசியவள் நான்தான். நேர்மை எங்கள் அலுவலகத்தின் உயிர்மூச்சு.

மனு கொடுத்தவள் என்பதால் தையல்காரம்மாவையும் உள்ளே விட்டிருந்தார்கள். மகள் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் சோற்றில் படவில்லை.

"அக்கா," என்றாள் தையல்காரம்மா. மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. "அந்தத் தட்ட நீங்க எடுத்துக்கங்க. உங்க டப்பாவ என் பொண்ணுக்குக் குடுங்க."

"அதுக்கு விதி கிடையாதும்மா."

"சாப்பிடறதுக்கா?"

"மாத்திக்கறதுக்கு."

"முதல் தரம்னு இப்பதானே குத்தினீங்க. மை கூடக் காயல. ஒரே ஒரு வாய், அக்கா."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மகள்தான் நிலைமையைப் புரிந்துகொண்டாள்.

"விடும்மா. சூப்பர்வைசர் பாக்கறாரு. அரை மணிதான் டைம்."

சொல்லிவிட்டுக் குனிந்து பிசைந்தாள்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒன்றும் தெரியாது என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அந்தக் கூடத்தில் இருநூறு பேர் சாப்பிட்டார்கள். அண்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று, திறந்துகூடப் பார்க்காமல், சரியாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் ஜீப்புக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவரவர் வீட்டுச் சாப்பாட்டைத் திறந்தோம்.